டாக்டர் ராபர்ட் வைட்டும் நமது நிலாவாரைப் பயிரும்

புதியம்புத்தூர், ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள மானாவாரிப் பிரதேசத்தில் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு முதலியவற்றோடு நிலாவாரை என்னும் மருந்துச் செடியும் பயிராகி வருவதை யாவரும் அறிவர். சந்தையில் இதனை அவுரி என்றே வழங்குகின்றனர். இதன் இலையும் காயும் உலர்த்தப்பெற்று, தூத்துக்குடி வியாபாரிகள் வழியாகக் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. மேல்நாட்டு மருந்து நூல்களில் 'தின்னவேலி சென்னா' என்பது இதன் பெயர். திருநெல்வேலிச் சீமையின் பெயரைத் தாங்கி உலகத்து மருந்துக் கடைகளிலெல்லாம் நிற்கும் பெருமை இச்செடிக்கு உண்டு.

1836-ஆம் வருஷத்தில், பருத்தி, புகையிலை, நிலாவாரை ஆகிய பயிர்களையும் இந்நாட்டின் பிற விளைபொருள்களையும் குறித்து விசாரித்து அறிவிக்கும்படி சென்னை ராஜதானி சர்க்காரால் நியமிக்கப்பட்டவர் டாக்டர் ராபர்ட் வைட் என்பவர். அவர் தொழிலால் வைத்தியர். ஆர்வத்தால் தாவர சாஸ்திரி. தென்னிந்தியச் செடிகொடிகளைப் பற்றி இன்று நாம் பெற்றிருக்கும் அறிவுக்கு அடிகோலியவர்களுள் முக்கியமானவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் நமது குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்கத்தக்க விஷயங்கள் சில உள்ளன. செடியை ஐயமற அறிதல், பருவத்தை அறிதல், நல்ல சரக்கை நல்ல விலைக்கு விற்றல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதே அவற்றின் சாரம். இம்மூன்றில் ஒன்று தவறினும் மற்ற இரண்டினால் பயனில்லை.

வைத்தியராக வந்தவர்

வைட் 1796-ஆம் வருஷம் ஸ்காட்லாந்து தேசத்தில் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் கற்று 1818-இல் பட்டம் பெற்று, மறு வருஷமே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சேவையில் உதவி வைத்தியராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்தில் வைத்தியம் கற்போர் தாவர சாஸ்திரத்தையும் கற்றாக வேண்டும். மருந்துகளிற் பெரும்பாலானவை செடிகளிலிருந்தே கிடைத்தமையால், செடியறியாதவன் மருந்தறியான் என்பது அக்காலத்துக் கொள்கை. நமது நாட்டு வைத்தியர்களும் இக்கொள்கையையே உடையவர்கள்.

பட்டாளத்தோடு ஊர் ஊராகச் சென்ற வைட், போகுமிடமெல்லாம் செடிகளைச் சேகரித்தார். இதற்கெனச் சுதேச ஆட்களையும் சம்பளத்துக்கு அமர்த்திப் பழக்கினார். 1826-இல் சர்க்கார் அவரைச் சென்னையில் இயற்கைப் பொருள் ஆராய்ச்சியாளராக நியமித்தனர். அவர் தென் ஜில்லாக்களில் நெடும் பிரயாணம் செய்து செடிகளைத் திரட்டினார். ஆயினும் 1828-இல் அப்பதவியே எடுபட்டது. வைட் மீண்டும் பட்டாள வைத்தியராகி நாகப்பட்டினம் சென்றார்.

பதவி போயிற்றேயன்றி அவர் வேலை நிற்கவில்லை. நாகப்பட்டினத்திலும் தம் சொந்தச் செலவில் செடிகளைச் சேகரித்துக் கொண்டேயிருந்தார். 1831-இல் விடுமுறையில் சீமைக்குச் சென்றபோது அவர் கொண்டுபோன உலர்ந்த செடி மாதிரிகள் சுமார் ஒரு லட்சம். அவற்றின் எடை ஏறக்குறைய இரண்டு டன். அங்கே வாக்கர்-ஆர்னாட் என்னும் அறிஞருடன் சேர்ந்து அம்மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலொன்றின் முதற்பாகத்தை 1834-இல் வெளியிட்டார். இரண்டாம் பாகம் வெளிவரவே இல்லை. எனினும் முதற்பாகமே பின்வந்தோர் யாவருக்கும் வழிகாட்டியாயிற்று. எருக்கு, நன்னாரி, வேலிப்பருத்தி, சிறுகுறிஞ்சான் முதலிய பால்வடியும் செடிகள் அடங்கிய குடும்பத்தை அவ்விருவரும் தனியாகவும் விரிவாகவும் ஆராய்ந்து அவ்வருஷமே எழுதினர். இவையெல்லாம் நம் வேலிகளிலும் தரிசுகளிலும் தாமே முளைப்பவை. நமது வைத்தியர்கள் நாள்தோறும் கையாள்பவை.

உலர்ந்த மாதிரியின் அவசியம்

காய்ந்த செடிகளைச் சுமந்து செல்வதனால் யாது பயன் என்று சிலர் வினவலாம். செடியின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஒரே செடிக்குப் பத்துப் பெயர் உண்டு; ஒரே பெயரால் பத்துச் செடியை அழைப்பதும் உண்டு. ஆதலின், 'இப்பெயரால் யான் குறித்தது இச்செடியையே' என்பதற்குச் சாட்சியாக, இலை, பூ, காய் ஆகியவற்றோடு கூடிய கிளையைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, எடுத்த இடமும் தேதியும் எழுதி வைப்பது தாவர நூலோர் வழக்கம். நிலத்துக்குப் பட்டாவும் அளவுக் கல்லும் எவ்வாறோ, செடியின் பெயருக்கு அம்மாதிரியும் அவ்வாறே. வழக்கு வருமிடத்தில் அதனைப் பார்த்துத் தீர்த்துக் கொள்ளலாம்.

வைட் சேகரித்த மாதிரிகள் இங்கிலாந்தில் கியூ என்னுமிடத்துத் தாவரச் சாலையிலும் எடின்பரோவிலும் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நமது ராஜ்யத்திலும் கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்தில் இத்தகைய உலர்தாவரச் சாலை உண்டு.

பாளையங்கோட்டையும் சித்திரக்காரரும்

1834-இல் திரும்பி வந்த வைட், பல்லாரியிலிருந்து பட்டாளத்தோடு நெடுந்தூரம் கால்நடையாக வந்து பாளையங்கோட்டையில் தங்கினார். குற்றாலத்து மலைகளிலும் திருநெல்வேலிச் சீமையின் பிற பகுதிகளிலும் செடிகளை ஆராய்ந்தார். அதன் பின்னரே மேற்கூறிய 1836-ஆம் வருஷத்து நியமனம் கிடைத்தது.

1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட சித்திர நூல் ஆறு பெரும் பாகங்கள் கொண்டது. அதிலுள்ள படங்கள் 2,101. அவற்றைச் சென்னையிலேயே கல்லச்சிற் பதிப்பித்தார். கைப்பொருளைச் செலவிட்டு அவர் செய்த காரியம் இது. அப்படங்களுக்கு மூலமான சித்திரங்களை வரைந்தவர்களுள் ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்தியச் சித்திரக்காரர்கள் முக்கியமானவர்கள். பூவின் உட்பாகங்களைப் பூதக்கண்ணாடியாற் கண்டு, இதழும் மகரந்தமும் விதையும் வேறுவேறாக அவர்கள் எழுதிய சித்திரங்கள் இன்றும் தாவர நூலோர்க்குப் பிரமாணமாக உள்ளன. வைட் இதற்கு நன்றி மறவாமல், 1853-இல் ஆர்க்கிட் வகையைச் சேர்ந்த ஒரு செடிக்குக் கோவிந்துவின் பெயரையே இட்டார். குக்குலு என்று நம் மருந்துக் கடைகளில் விற்கும் பிசினைத் தரும் மரத்துக்கு வைட்டின் பெயரை ஆர்னாட் இட்டார். அம்மரத்தின் சாஸ்திரப் பெயரில் அது இன்றும் நிலைத்துள்ளது.

பருத்தியிற் கிடைத்த பாடம்

லங்காஷையர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டமையால், 1840-இல் கம்பெனியார் அமெரிக்காவிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்களையும் விதையையும் இந்தியாவுக்கு வரவழைத்தனர். 1842-இல் கோயம்புத்தூரில் இதற்கான பரிசோதனைப் பண்ணைகளை மேற்பார்க்கும் வேலை வைட்டுக்குக் கிடைத்தது. 1853-இல் ஓய்வு பெறும்வரை அவர் அதிலேயே உழைத்தார். பருவமறிந்து விதைத்தால் அமெரிக்கப் பருத்தி இந்நாட்டில் விளையும் என்பது அவருடைய துணிபு. அமெரிக்க நாட்டில் விதைக்கும் மாதத்தை அப்படியே இங்கும் பின்பற்றுவது தகாது. வடகிழக்குப் பருவ மழையை அநுசரித்தே விதைக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

ஆயினும் அம்முயற்சி அன்று எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. குடியானவர்கள் அப்பருத்தியை ஆவலோடு ஏற்றுக் கொள்ளாமைக்குத் தக்க காரணங்கள் இருந்தன. நாட்டுப் பருத்தி மழை தவறினும் ஓரளவு தாங்கும். அமெரிக்க வகை தாங்காது. பருத்தியோடு சோளமும் பயறும் கலந்து விதைத்து, ஒன்று போனாலும் ஒன்று கைகொடுக்கும் என்று வாழ்பவன் முழு நிலத்தையும் ஒரு புது விதைக்கு ஒப்புவிப்பது எளிதன்று. சுத்தமான பருத்திக்கும் தூசி கலந்த பருத்திக்கும் வியாபாரி ஒரே விலை கொடுக்கும் இடத்தில், சுத்தம் செய்வதற்கு உழைப்பவன் நஷ்டமே அடைவான். இதனைக் குடியானவனின் அறியாமை என்று கூறுவது நியாயமாகாது.

பின்னர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி என்னும் அமெரிக்க இனம் தமிழ் ஜில்லாக்களில் இறவைத் தோட்டங்களில் வேரூன்றியது. கரிசல் மானாவாரிக்கோ கருங்கண்ணியே ஏற்றது என்று கண்டு, 1901-இல் ஏற்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அதன் வகைகளைத் தேர்ந்து அபிவிருத்தி செய்தனர். வைட் கொண்ட கொள்கை முற்றும் பிழையன்று என்பதும், எந்த விதை எந்த மண்ணுக்கு என்று பிரித்தறிவதற்குப் பல தலைமுறை தேவைப்பட்டது என்பதும் இதனால் விளங்கும்.

வைட் 1855-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1872-இல் இங்கிலாந்தில் காலமானார்.

நிலாவாரையின் பெயர்க் குழப்பம்

இனி நமது பயிருக்கு வருவோம். நிலாவாரை அரேபியாவுக்கும் வடகிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் உரியது. முற்காலத்தில் அலெக்ஸாண்டிரியாத் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்தில் ஹியூஸ் என்னும் ஐரோப்பியர் இதனைப் பயிர் செய்து அனுப்பிய இலை, முழுமையாலும் சுத்தத்தாலும் லண்டன் சந்தையில் நன்மதிப்புப் பெற்றது. காட்டில் பறித்து மூட்டை கட்டிய இலையைவிட வயலில் பயிராக்கிய இலை மேலானது என்று வாங்குவோர் கண்டனர். நமது சரக்கின் புகழ் அன்று தொடங்கியதே.

தாவர நூலோர் இச்செடிக்குக் காலந்தோறும் பல பெயர்களை இட்டனர். இப்பொழுது சென்னா அலெக்ஸாண்ட்ரினா என்னும் ஒரே பெயரில் யாவற்றையும் அடக்கியுள்ளனர். நம்மிடையிலோ குழப்பம் வேறு வகையானது. அவுரி என்பது உண்மையில் நீலச் சாயம் தரும் செடியின் பெயர். சித்த வைத்திய நூல்களிலும் அவுரி என்றால் நீலியையே குறிக்கும். வைத்தியர் அவுரி கேட்க, கடைக்காரர் நிலாவாரை கொடுத்தால் மருந்து மாறிவிடும். இவையேயன்றி, நம் தரிசுகளில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையின் இலையும் நிலாவாரையோடு கலந்து வருவதுண்டு. இக்கலப்பு மேல்நாட்டு மருந்து நூல்களிலேயே குறிக்கப்பட்டுள்ளது. ஆவாரை நல்ல மருந்துச் செடிதான். ஆயினும் நிலாவாரை இலைக்குரிய பேதிக் குணம் ஆவாரை இலைக்கு இல்லை.

இம்மூன்றையும் வயலிலேயே பிரித்தறியலாம். நிலாவாரையின் இலைக்காம்பில் சிற்றிலைகள் ஐந்து முதல் எட்டு இணையாக அமைந்து, நுனியில் ஒற்றைச் சிற்றிலை இன்றி முடியும். சிற்றிலை ஈட்டி முனை போல் கூர்ந்து, அடியில் இருபுறமும் ஒவ்வாது சற்றுக் கோணலாயிருக்கும். பூ மஞ்சள் நிறம். காய் தட்டையாகவும் அகன்றும் தாள் போல் மெல்லியதாகவும் இருக்கும். ஆவாரையின் சிற்றிலைகள் பெரும்பாலும் எட்டு இணைக்கு மேற்பட்டவை, நுனி மழுங்கியவை. ஒவ்வோர் இணைக்கும் நடுவே காம்பின்மேல் சிறு சுரப்பி தோன்றும். இலையடியில் காது போன்ற செதில் இருக்கும். நிலாவாரைக்கு அச்சுரப்பி கிடையாது. நீல அவுரிக்கோ இலை நுனியில் ஒற்றைச் சிற்றிலை உண்டு. பூ சிறியதாய்ச் சிவந்திருக்கும். காய் மெல்லிய குச்சி போலிருக்கும்.

இலையின் மதிப்பு எதனால் ஏற்படுகிறது

நிலாவாரையின் குணம் சென்னோசைடு என்னும் பொருளால் ஏற்படுவது. 1941-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரசாயன அறிஞர் ஸ்டோல் முதலியோர் இதனைப் பிரித்தெடுத்தனர். இப்பொருள் வயிற்றில் மாறுதலடையாமல் பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் மாற்றமடைந்த பின்னரே பேதியை உண்டாக்கும். இரவில் உண்ட மருந்து காலையில் வேலை செய்வதன் காரணம் இதுவே. உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது இடம் பெற்றுள்ளது. ஆயினும் வைத்தியர் சொல்லாமல் நெடுநாள் உட்கொள்வது தகாது.

ஏற்றுமதி செய்வோர் இன்று இலையின் நிறத்தையும் எடையையும் மட்டும் பார்ப்பதில்லை. சென்னோசைடு நூற்றுக்கு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, மண்ணும் மணலும் எவ்வளவு, பூச்சிமருந்தின் மிச்சம் உண்டா என்று பரிசோதனைச் சாலையில் பார்த்தே விலை சொல்கின்றனர். ஒரு களத்து இலையில் ஆவாரை கலந்திருந்தால், அதனோடு சேர்த்துக் குவித்த பல களத்துச் சரக்கும் ஒருங்கே தள்ளுபடியாகும். ஒருவர் அசட்டையால் ஊரே நஷ்டமடைவது இவ்வாறு.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

விதை நம்பகமான இடத்திலிருந்து வாங்கப்பட வேண்டும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியார் தேர்ந்து வெளியிட்ட இனமும் உண்டு. விதையின் தோல் கடினமானதாகையால், ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் சீராக முளைக்கும். புரட்டாசி, ஐப்பசி மழையை அநுசரித்து விதைப்பது மானாவாரிக்கு ஏற்றது. நிலாவாரை வறட்சியைத் தாங்கும். நீர் தேங்குவதைத் தாங்காது. ஆதலின் கரிசலில் பள்ளமான பாத்திகளை விட்டு, வடிகால் உள்ள மேட்டுப் பாங்கான நிலத்தைத் தெரிந்து கொள்க. செவலும் மணற்பாங்கான நிலமும் இதற்கு நன்கு ஏற்கும்.

களையெடுக்கும்போதே வயலில் ஆவாரைக் கன்று இருந்தால் பிடுங்கிவிடுக. பறித்தபின் பிரிப்பது பத்து மடங்கு வேலை. முதற் பூங்கொத்துக்களைக் கிள்ளிவிட்டால் கிளையும் இலையும் பெருகும். முற்றித் தடித்து நீலம் கலந்த பச்சை நிறமடைந்த இலைகளைப் பறிக்க வேண்டும்.

உலர்த்துவதில்தான் பெரும்பாலான நஷ்டம் நேர்கிறது. பறித்த இலையைக் குவித்து வைத்தால் வெந்து கறுத்துவிடும். வெறுந்தரையிலும் சாலையிலும் பரப்பினால் மண் ஏறும். நிழலில் சுத்தமான பாயின்மேல் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, ஏழு முதல் பத்து நாள் உலர்த்தினால் மஞ்சள் கலந்த பச்சை நிறம் நிலைக்கும். இலையையும் காயையும் ஒன்றாகக் கலவாமல் தனித்தனியே கட்டுக. பழுத்த இலை, காம்பு, ஒடிந்த துண்டு ஆகியவற்றைச் சுளகில் புடைத்து நீக்குக.

ஒவ்வொரு களத்திலும் பூவும் காயும் உள்ள ஒரு கிளையைப் பழைய தாள்களுக்கிடையே வைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்தி, நிலத்தின் பெயரும் விதை வாங்கிய இடமும் தேதியும் எழுதி வைத்துக் கொள்க. இதற்குச் செலவு ஏதுமில்லை. வியாபாரி சரக்கைப் பற்றி ஐயம் எழுப்பும்போது வாய்ச்சொல்லைவிட அக்கிளை வலுவான சாட்சியாகும்.

கிராம அதிகாரிகளுக்கு

அடங்கலில் இப்பயிரைப் பதியும்போது 'அவுரி' என்று மட்டும் எழுதாமல் 'நிலாவாரை' என்றே குறிப்பது நலம். நீல அவுரியும் நிலாவாரையும் ஒரே தலைப்பில் சேர்ந்துவிட்டால், எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் உள்ளது என்று பின்னர் யாரும் கூற இயலாது. பரப்பு தெரியாத பயிருக்கு விதையும் உதவியும் நிர்ணயிப்பது எங்ஙனம்? ஏட்டில் ஒரு சொல்லைத் திருத்துவது சிறு காரியமே; அதன் பலன் சிறியதன்று.

ஊரில் நிலாவாரை பயிரிடுவோர் பத்துப் பேர் ஒன்றுகூடி, தரம் பிரித்த இலையை ஒன்றாகச் சேர்த்து விற்க முற்பட்டால், அதிகாரிகள் அதற்கு வேண்டும் ஆதரவை அளிக்கலாம். ஒருவர் இரண்டு மூட்டையைப் பரிசோதனைக்கு அனுப்புவது கட்டுப்படியாகாது. பத்துப் பேர் சேர்ந்த சரக்குக்குப் பரிசோதனைச் சீட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசலாம். நல்ல சரக்குக்கும் மட்டச் சரக்குக்கும் ஒரே விலை என்னும் வழக்கம் நீடிக்குமாயின், மேலே சொன்ன யோசனைகளை எவரும் கைக்கொள்ள மாட்டார். கைக்கொள்ளும்படி சொல்வதும் நியாயமன்று. வைட் காலத்துப் பருத்தி முயற்சி தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறத்தல் ஆகாது.

வருகிற புரட்டாசிக்கு முன்பாகவே விதைக்கும் நிலத்தையும் விதை வாங்கும் இடத்தையும் கூட்டாக விற்க உடன்படுவோரையும் தீர்மானித்துக் கொள்ளும்படி நிலாவாரை பயிரிடுவோரைக் கேட்டுக் கொள்ளுகிறோம். ஐயமுள்ள செடிகளைப் பூவும் காயுமாகக் கொண்டுவந்து காட்டினால், வேளாண்மை இலாகா உத்தியோகஸ்தர்கள் பார்த்துப் பெயர் சொல்லவும், தேவைப்பட்டால் கோயம்புத்தூருக்கு அனுப்பித் தெளிந்து கொடுக்கவும் சித்தமாயிருக்கிறார்கள்.